வீராசாமி அண்ணே வாசிக்காத திரை

1

போன திங்கட்கிழமை எங்கள் கந்தோருக்கு ஒரு படிவம் வந்தது. இந்தப் பக்கத்து வேலையிடங்களில் எவையெல்லாம் கம்பியில்லாத வலையமைப்புக்கு மாறிவிட்டன, எத்தனை பேர் அதில் வேலை செய்கிறார்கள் என்று யாரோ விசாரித்து எழுதுகிறார்களாம். மனேஜர் லியோங் அதை என் மேசையில் வைத்து, மத்தியானத்துக்குள் நிரப்பித் தரச் சொல்லிவிட்டுப் போனார்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும். கப்பலில் வந்து இறங்கும் இரும்புப் பெட்டிகளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றும் நம்முடைய வீட்டு விறாந்தையைவிட நீளம். பட்டர்வொர்த் பக்கம் அந்தப் பெட்டிகளை அடுக்கி வைக்கிற ஒரு தனியார் யார்டில் நான் பன்னிரண்டு வருடமாகக் கிளார்க். எந்தப் பெட்டியை எங்கே வைக்க வேண்டும், எதை எடுத்து லொறியில் ஏற்ற வேண்டும் என்று சாரதிகளுக்குச் சொல்வதுதான் என் வேலை. முன்பு வோக்கி டோக்கியில் வாயால் சொன்னேன். மூன்று வருடத்துக்கு முன்னால் பெட்டி தூக்கும் ஒவ்வொரு இயந்திரத்திலும் ஒரு சின்னத் திரையைப் பூட்டினார்கள். நான் மேல் அறையிலிருந்து தட்டச்சுச் செய்தால் அது அங்கே எழுத்தாக விழும். இடையில் கம்பி கிடையாது. யார்டு முழுக்க அமைதியாகிவிட்டது.

‘எத்தனை ஊழியர்கள் இம்முறையைப் பயன்படுத்துகிறார்கள்?’ என்று படிவம் கேட்டது. எல்லாரும் என்று எழுதினேன். இன்றைய நிலைமைக்கு அது சரியான பதில்தான். கையெழுத்து வைத்து லியோங்கிடம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அதன்பிறகு அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. அந்தத் திரையைப் பயன்படுத்தாத ஒரு மனிதர் எங்களிடம் இருந்தார். அவர் இப்போது இல்லாததற்கு நானும் காரணம்.

2

நான் எழுபத்துநாலில் கலியாணம் முடித்து சாவகச்சேரியிலிருந்து இங்கே வந்தவள். கணவருடைய ஆட்கள் மூன்று தலைமுறையாகப் பினாங்கில் இருக்கிற யாழ்ப்பாணத்தார். எல்லாரும் அரசாங்கக் கிளார்க்குமார். தீவில் டத்தோ கிராமாட்டில் வீடு. காலையில் பெரிக் கப்பலில் ஏறி அக்கரைக்குப் போய், பின்னேரம் அதே பெரியில் திரும்பி வருவேன்.

யார்டில் சேர்ந்த புதிதில் என் தமிழ் அங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை. சாரதி ஏதாவது கேட்டால் ஆமாம் என்பதற்கு நான் “ஓம்” என்பேன். வோக்கி டோக்கியில் ஒரு சிரிப்புக் கிளம்பும். சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்தார்களாம். கொஞ்ச நாளில் ‘ஓம் அக்கா’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஒருநாள் ஒரு சாரதியிடம் பெட்டியை “பேந்து எடுங்கோ” என்று சொன்னேன். பிறகு எடு என்று நான் சொன்னது, அவருக்கு ‘ஏந்தி எடு’ என்று கேட்டிருக்கிறது. அந்த நிமிடமே பெட்டியை உயரத் தூக்கிவிட்டார். அன்றைக்கு ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு நான் ‘அப்புறம்’ என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

அப்படித் தூக்கியவர்தான் வீராசாமி அண்ணே. தாசேக் கெலுகோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் என்றாலும் மற்றவர்களைப் போல என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். யார்டில் அவரைப் போல இயந்திரம் ஓட்ட ஆள் இல்லை. நாலு அடுக்குக்கு மேலே ஐந்தாவது பெட்டியை வைத்தால் தட்டென்ற சத்தமே கேட்காது. அதிகம் பேசமாட்டார். என் குரல் கேட்டதும் “சரிக்கா” என்று ஒரு சொல். வேலை முடிந்ததும் “ஆச்சுக்கா” என்று இன்னொரு சொல்.

3

திரைகள் வந்தபோது கோலாலம்பூரிலிருந்து ஒரு பொறியியலாளர் வந்து எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தார். வீராசாமி அண்ணே கடைசி வரிசையில் இருந்தார். அவர் முறை வந்தபோது கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டேன் என்றார். அவர் கண்ணாடி போட்டு நான் பார்த்ததே இல்லை.

முதல் வாரம் அவருடைய வேலை மந்தமாக நடந்தது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், பிளாஸ்டிக் பையில் கட்டிய தே ஓ என்கிற வெறும் தேத்தண்ணியோடு என் அறைக்கு ஏறி வந்தார். பையை மேசையில் வைத்தார். நின்றார். பிறகு, திரையில் பெட்டி நம்பர் தெரிகிறது, வரிசை நம்பர் தெரிகிறது, அதற்குப் பக்கத்தில் வருகிற எழுத்துத்தான் பிடிபடவில்லை என்றார்.

நான் கண்ணாடி மாற்றச் சொன்னேன். அவர் ஜன்னல் வழியே யார்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“கண்ணு நல்லாத்தான் இருக்குக்கா. நான் ஸ்கூலுக்குப் போனதில்ல.”

எண்களைத் தோட்டத்து லொறிகளின் நம்பர் பலகையைப் பார்த்துத் தானாகவே படித்தாராம். எழுத்துக்குச் சொல்லித்தர ஆள் கிடைக்கவில்லை. லைசன்ஸ் எடுத்த காலத்தில் கேள்வியெல்லாம் வாயால்தான் கேட்டார்கள். திரையில் வருகிற ஆங்கிலச் சொற்கள் மொத்தம் நாலைந்துதான்: எடு, வை, மாற்று, தொடாதே. அவருக்கு எல்லாம் ஒரே மாதிரித் தெரிந்தன.

சொல்லித்தருகிறேன் என்றேன். இரண்டு நாள் துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். மூன்றாம் நாள் அவர் வரவில்லை. நான் கட்டாயப்படுத்தவும் இல்லை. எளிதான வழி ஒன்று கைக்குள் இருந்தது. திரும்ப வாங்கிய பழைய வோக்கி டோக்கிகள் அலுமாரியில் கிடந்தன. ஒன்றை அவரிடம் கொடுத்தேன், இன்னொன்றை என் மேசை இழுப்பறையில் வைத்தேன். அவருடைய திரைக்கு நான் எது அனுப்பினாலும், உடனே அதைத் தாழ்ந்த குரலில் அவருக்குச் சொல்லியும் விடுவேன். வேலை முடிந்ததும் அவர் திரையின் பொத்தானை அழுத்துவார். கணக்குப்படி அவரும் திரையில்தான் வேலை செய்தார்.

அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு சாரதிக்கும் சின்னப் பரீட்சை வைத்து, தேறினார் என்று பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிற பொறுப்பை லியோங் என்னிடம் விட்டிருந்தார். வீராசாமி அண்ணனுக்குப் பக்கத்தில் இருந்து எந்தப் பொத்தான் என்று நானே கை காட்டினேன். நானே கையெழுத்தும் போட்டேன்.

இதை அவருக்காகச் செய்தேன் என்று அப்போது நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால் பாதிதான் உண்மை. மற்றச் சாரதிகளுக்கு நான் தேவைப்படாமல் போய்விட்டேன். என்னோடு கதைத்துக்கொண்டிருந்த பத்துப் பதினைந்து பேர் ஒரே மாதத்தில் மௌனமாகிவிட்டார்கள். “சரிக்கா” என்று இன்னும் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். அது எனக்கு வேண்டியிருந்தது.

4

இங்கே இருபது வருடத்துக்கு மேல் இருந்தும் என் கையில் சிவப்பு ஐசிதான். நிரந்தரமாக இருக்கலாம், குடிமகள் ஆகமுடியாது என்பதற்கு அடையாளம் அந்தச் சிவப்பு அட்டை. குடிமக்களுக்கான நீல அட்டைக்கு இரண்டு தடவை விண்ணப்பித்தேன். முதல் தடவை என் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரியும், கடவுச்சீட்டில் இன்னொரு மாதிரியும் இருந்ததால் திருப்பி அனுப்பினார்கள். ஊரில் அரசாங்கக் கந்தோரான கச்சேரிக்கு எழுதித் திருத்தலாம் என்றால், யுத்தத்தில் அந்தக் கச்சேரியே எரிந்து கிடந்தது. இதை விளங்கப்படுத்தவே இரண்டு வருடம் போயிற்று.

இரண்டாவது தடவை நேர்முகம் வரை வந்தது. மலாய் கதைக்கத் தெரியவேண்டும், நாட்டைப் பற்றித் தெரியவேண்டும், வேலை கொடுப்பவரிடமிருந்து நன்னடத்தைக் கடிதம் வேண்டும். கடை மலாய் எனக்கு வரும். கந்தோர் மலாய் வேறு. மகள் வாசுகி பக்கத்தில் இருந்து சொல்லித்தந்தாள். நான் ‘பெட்டி’ என்று சொல்லப் போய் வேறு ஏதோ சொல்லிவிட்டேன், அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

நேர்முகம் அடுத்த வாரம் என்று கடிதம் சொல்லியிருந்தது. திடீரென்று ஒரு பின்னேரம் வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. நாளைக் காலை ஒன்பது மணிக்கு வரச்சொன்னார்கள். லியோங்குக்கு அழைத்து லீவு சொன்னேன். பரவாயில்லை, வேறொரு பெண்ணை என் இடத்தில் இருத்துகிறேன் என்றார்.

காலையில் சேலைக்குக் கொசுவம் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் வீராசாமி அண்ணே ஞாபகத்துக்கு வந்தார். கை அப்படியே நின்றது. யார்டுக்கு அழைத்துக் காவலாளியிடம் சொல்லி அனுப்பலாம். ஆனால் என்னவென்று சொல்வது? இன்றைக்கு வோக்கி டோக்கியில் ஆள் இல்லை என்று சொன்னால், ஏன் அவரிடம் வோக்கி டோக்கி இருக்கிறது என்று கேட்பார்கள். தொலைபேசி இரண்டு எட்டில்தான் இருந்தது. ஒரு நாள்தானே என்று நினைத்துக்கொண்டு கொசுவத்தைச் செருகினேன்.

நேர்முகத்தில் அந்த அதிகாரி நான் மனப்பாடம் செய்த எதையும் கேட்கவில்லை. என்ன வேலை செய்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார். பெட்டியை எங்கே வைக்கவேண்டும் என்று ஆட்களுக்குச் சொல்கிறேன் என்று மலாயில் சொன்னேன். நல்ல வேலை என்று சிரித்தார். வேலையிடத்துக் கடிதம் மட்டும்தான் பாக்கி என்றார். வரும் வழியில் கணவருக்குப் பிடித்த அப்பம் பாலிக் வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் நுழையும்போது தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது.

5

யார்டின் ஓரத்தில் பழுதுபார்க்கும் வரிசை ஒன்று உண்டு. அங்கே ரொஸ்லி என்பவர் பெட்டிகளின் தரைப் பலகையை மாற்றுகிற வேலை செய்வார். கெடா பக்கத்து மனிதர், முப்பத்தைந்து வயது இருக்கும். அவர் உள்ளே இருக்கும்போது அந்தப் பெட்டிக்கு எதிரே ‘தொடாதே’ என்ற சொல் திரையில் வரும். வழக்கம் போல அன்றும் வந்திருக்கிறது.

வீராசாமி அண்ணே திரையில் அந்தப் பெட்டியின் எண்ணைப் பார்த்திருக்கிறார். வோக்கி டோக்கியில் என்னை இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார். என் இழுப்பறைக்குள் இருந்ததை நான் முந்தின நாள் வீட்டுக்குப் போகும்போது அணைத்துவிட்டுப் போயிருந்தேன். பின்னால் லொறி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. பத்துக்கு எட்டுத் தடவை அங்கே வருகிற சொல் ‘எடு’தான். எடுத்தார்.

பெட்டியின் கதவு மறுபக்கம் திறந்திருந்தது. பெட்டி சரிந்து எழும்பியதும் ரொஸ்லி பலகையோடு வழுக்கி வெளியே விழுந்தார். இடுப்பெலும்பும் வலது காலும் முறிந்தன. சத்தம் கேட்டதும் வீராசாமி அண்ணே பெட்டியைப் பூப்போல இறக்கிவிட்டுத்தான் குதித்து ஓடினாராம். அவசரத்தில் கீழே போட்டிருந்தால் ரொஸ்லி அதன் அடியில் போயிருப்பார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

விசாரணையில் வீராசாமி அண்ணே ஒரே பதிலைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். கண்ணாடி இல்லை, சரியாகப் பார்க்கவில்லை, என் தப்பு. வோக்கி டோக்கி பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பெயரைச் சொல்லவில்லை. முடிவு தெரியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று அவரை அனுப்பினார்கள். பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு லியோங் என்னிடம் கேட்டார், இவர் பரீட்சையில் தேறினார்தானே என்று. நான் தலையாட்டினேன்.

6

அந்த ஞாயிற்றுக்கிழமை வீராசாமி அண்ணே எங்கள் வீட்டுக்கு வந்தார். சட்டையை உள்ளே விட்டு, தலையை நனைத்து வாரியிருந்தார். கணவர் கதிரையை இழுத்துப் போட்டும் நுனியில்தான் உட்கார்ந்தார்.

நான் லியோங்கிடம் போய் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன் என்றேன். உண்மையில் அதுவரை முடிவெடுக்கவில்லை. அவர் சம்மதிப்பார், அந்தச் சம்மதத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம் என்று நினைத்தேன். அவர் பயந்துபோனார்.

“சொல்லாதீங்கக்கா. வேலை போனா போவட்டும். எம் மருமவப்புள்ள வாத்தியாரு. தெனமும் பேப்பர கையில குடுத்துட்டுப் போவாரு, நானும் வச்சிக்கிட்டு உக்காந்திருப்பேன். வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. கண்ணு தெரியாம தப்புப் பண்ணினேன்னே இருக்கட்டும்.”

தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனார்.

நான் சொல்லாமல் இருந்தால் அவருடைய மானம் தப்பும். அதோடு என் வேலையும், என் நன்னடத்தைக் கடிதமும் தப்பும். அவர் கேட்டதும் எனக்கு வசதியானதும் ஒன்றாக இருந்தன. அதனாலேயே எது சரி என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. கணவர் ஒன்றே சொன்னார்: “அந்த மனுசன் வாய்விட்டுக் கேட்டிட்டுப் போயிருக்கிறார். யோசிச்சுச் செய்யும்.”

வீராசாமி அண்ணே போனதும் வாசுகி அறையிலிருந்து வந்தாள். பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள், இந்தத் திரைகளெல்லாம் அவளுக்கு விளையாட்டு. இத்தனை வருடமாக அந்த மனிதர் ஏபிசிகூடப் படிக்காமல் எப்படி இருந்தார் என்று நம்பமுடியாமல் கேட்டாள். மேசையில் என் தம்பியின் கடிதம் கிடந்தது. யாரோ கொழும்பு வரை கொண்டுவந்து தபாலில் போட்ட கடிதம், மூன்று மாதம் பழையது. அதில் அவளுக்கென்று தனியே ஒரு பக்கம் எழுதியிருந்தான். இன்னும் நான் அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை. அவளாக வாசிக்க அவளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. மலாயில் படிப்பிக்கிற தேசியப் பள்ளியில் போட்ட காலத்தில், வீட்டில் சொல்லிக்கொடுக்கலாம் என்று நினைத்து நினைத்தே நான் வருடங்களைத் தள்ளிவிட்டேன்.

7

செவ்வாய்க்கிழமை ரொஸ்லியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலை மேலே கட்டித் தொங்கவிட்டுப் படுத்திருந்தார். அவருடைய மனைவி தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் சுகம் விசாரித்தேன். பிறகு அவரே கேட்டார், காக், அந்தப் பாக்சிக் ஏன் தூக்கினார் என்று.

காக் என்றால் அக்கா. பாக்சிக் என்றால் மாமா. மூத்தவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்த மரியாதையோடு அவர் கேட்டபோது என்னால் பொய் சொல்ல முடியவில்லை. அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, நான்தான் வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன், அன்றைக்கு நான் இல்லை என்று எனக்கு வந்த மலாயில் சொன்னேன்.

ரொஸ்லி ஆச்சரியப்படவில்லை. தனக்குத் தெரியும் என்றார். அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதையெல்லாம் கன்டீனில் வைத்து வீராசாமி அண்ணனுக்குப் படித்துச் சொல்வது தான்தானாம். சம்பளச் சீட்டையும் ரொஸ்லிதான் பார்த்துச் சொல்வாராம். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. வோக்கி டோக்கியை ஒருநாள் வீராசாமி அண்ணே மடியில் பார்த்ததும், மறுமுனையில் யார் என்று ஊகித்துக்கொண்டாராம்.

பிறகு கூரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்:

“அன்னைக்கு காக் மேலே இருக்கீங்கன்னு நெனச்சுத்தான் நான் உள்ள போனேன்.”

அவர் குரலில் குற்றச்சாட்டே இல்லை. மனைவி ஒரு சுளையை என் கையில் வைத்தாள். அதைத் தின்னவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.

அங்கிருந்து நேரே யார்டுக்குப் போனேன். லியோங்கின் அறையில் உட்காராமல் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். இழுப்பறையிலிருந்த வோக்கி டோக்கியை அவர் மேசையில் வைத்தேன். அவர் என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.

8

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. நன்னடத்தைக் கடிதம் கிடைக்கவில்லை. சிவப்பு அட்டை அப்படியே என் கைப்பையில் இருக்கிறது. அடுத்த விண்ணப்பத்துக்கு இன்னும் மனம் வரவில்லை.

நான் எழுதியதில் ஒரு பலன் இருந்தது. கோலாலம்பூரிலிருந்து அதே பொறியியலாளர் மறுபடி வந்து திரையை மாற்றிக் கொடுத்தார். இப்போது ‘தொடாதே’ என்றால் திரை முழுக்கச் சிவப்பாகி ஒரு மணி விடாமல் அடிக்கும். எழுத்துத் தெரியாதவரும் நிற்கவேண்டியதுதான். இதை முதலிலேயே செய்திருக்கலாம். ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் தேவைப்படுகிற ஆள் இருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. ரொஸ்லி ஏழு மாதம் கழித்து வந்தார். இப்போது வாசலில் லொறிகளைப் பதிகிற வேலை. ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறார். என்னைக் கண்டால் கையைத் தூக்குவார்.

வீராசாமி அண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். படிக்கத் தெரியாதவர் என்ற காரணத்தைக் கடிதத்தில் அப்படியே எழுதி வீட்டுக்கு அனுப்பினார்களாம். அதைப் பிரித்து வாசித்தவர் அந்த வாத்தியார் மருமகன். இதை எனக்கு ஒரு சாரதி சொன்னபோது நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு தடவையும் அவர் இல்லை என்று மனைவி சொன்னார். இரண்டாம் தடவை வாசலில் அவருடைய செருப்புக் கிடந்தது.

போன வெள்ளிக்கிழமை, படிவம் நிரப்பிய அதே வாரம், பின்னேரப் பெரியில் அவரைக் கண்டேன். இப்போது தீவுப் பக்கம் ஒரு கட்டடத்தில் காவல் வேலையாம், நீலச் சீருடை போட்டிருந்தார். எழும்பி வேறு பக்கம் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. நான் போய்ப் பக்கத்து வாங்கில் உட்கார்ந்தேன். கப்பல் பாதிக் கடலுக்கு வந்தது.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க நான் வாயெடுக்குமுன் அவரே தொடங்கினார்.

“நீங்க சொன்னதுல தப்பில்லக்கா. ரொஸ்லி படுத்துக் கெடக்கையில நானும் எத்தன நாளு மறைக்க முடியும்?”

கடலைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார்:

“மொதல்ல எங்கிட்ட வந்து, நான் சொல்லப் போறேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம். நானே வீட்டுல சொல்லியிருப்பேன்.”

ஆஸ்பத்திரியிலிருந்து யார்டுக்குப் போகிற வழியில்தான் அவருடைய வீடு. அன்றைக்கு நான் ஏறிய பஸ் அந்தத் தெரு முனையில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டுதான் போனது. இறங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தைரியம் கரைவதற்குள் லியோங்கிடம் போய்ச் சேரவேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

அவரிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது. கரை வந்ததும் கப்பல் வாசலில் மாட்டியிருந்த சங்கிலியை எடுத்தார்கள். அவருக்கு வேலை நேரம் ஆகிவிட்டதாம். வரேன்க்கா என்று தலையாட்டிவிட்டு, மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே வேகமாக நடந்து போனார்.